மனைவியின் கைப்பேசியில் 143 எண்கள்

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 71. கப்பல் பட்டறையில் 34 ஆண்டுகள் பாரந்தூக்கி ஓட்டிவிட்டு 67 வயதில் ஓய்வு பெற்றேன். என் மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சிங்கப்பூரில், ஈசூனில் மகன் குடும்பத்துடன் இருக்கிறேன். மகனும் மருமகளும் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள், குறை எதுவும் இல்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு எல்லாரும் கிளம்பிய பிறகு மாலை வரை பேச ஆள் கிடையாது. அவர்கள் வந்த பிறகும் கிடையாது என்றே சொல்லலாம். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் பேத்தி ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். பக்கத்துப் புளோக்கில் உள்ள மூத்தோர் நிலையத்துக்கு ஒருநாள் போனேன். இருபது பெண்கள், இரண்டு ஆண்கள், சீனப் பாட்டுக்கு உடற்பயிற்சி. கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். பேருந்தில் ஏறித் தேக்காவுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவதும் உண்டு. மாலையில் காப்பிக்கடையில் ஒரு பெரிய போத்தல் பீர். அங்கே சத்தத்தில் மற்றவர்கள் பேசுவது சரியாகக் கேட்பதில்லை, தலையை ஆட்டிவைப்பேன். மனைவியின் கைப்பேசியை இன்றும் இரவில் சார்ஜில் போட்டு வைக்கிறேன். அதில் 143 எண்கள் இருக்கின்றன. என்னுடையதில் 11. ஆண்பிள்ளையாகப் பிறந்து இதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இதற்கு வழி உண்டா?

பதில்:

ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூத்தோருக்கான ஆலோசனைப் பணியில் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, "அப்பா முன்போல் யாரிடமும் பேசுவதில்லை, அறைக்குள்ளேயே இருக்கிறார்" என்று மகள்களும் மருமகள்களும் எழுதுபவை. அந்த அப்பாவே எழுதும் கடிதம் எப்போதாவது ஒன்றுதான் வரும். ஆகவே, வெட்கமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதிய வரிக்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கூறுகிறது. இந்த உணர்வைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் கசியோப்போ, பசியும் தாகமும் எப்படி உடல் எழுப்பும் அறிவிப்புகளோ அப்படித்தான் இதுவும் என்று விளக்கினார். பசிக்கிறது என்று சொல்ல எந்த ஆண்பிள்ளையும் வெட்கப்படுவதில்லை. பசியை நெடுநாள் கவனிக்காமல் விட்டால் உடம்பு கெடுவதைப் போலவே இதிலும் கெடும். இங்குள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 60 வயதில் தனிமையை உணரும் சிங்கப்பூரர்கள் அதை உணராத அதே வயதினரைவிடச் சராசரியாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் குறைவாக வாழக்கூடும் என்று கணித்தது. உங்களை அச்சப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "குறை எதுவும் இல்லை" என்று எழுதிய கையோடு இத்தனையையும் எழுதியிருக்கிறீர்கள். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் கொடுக்கும் அதே கவனத்தை இதற்கும் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விதமான தனிமை கலந்திருக்கிறது. ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973ஆம் ஆண்டிலேயே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். நம்மோடு ஒன்றாகிவிட்ட ஒருவரை இழப்பதால் வருவது ஒன்று. நான்கு பேர் கொண்ட வட்டம் இல்லாமல் போவதால் வருவது மற்றொன்று. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிரப்ப முடியாது என்பதே அவர் கண்டது. இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மனைவியை இழந்தவரிடம் "வெளியே போய் நாலு பேரோடு பழகுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்கிறார்கள், அவரும் போகிறார், வீடு திரும்பிக் கதவைத் திறக்கும்போது அந்த வெறுமை அப்படியே இருப்பதைப் பார்த்து, பழகியதால் பயனில்லை என்று முடிவு செய்துவிடுகிறார். உங்கள் மனைவியின் இடத்தை நான் சொல்லப்போகும் எதுவும் நிரப்பாது. அவருடைய கைப்பேசிக்கு நீங்கள் சார்ஜ் போடுவதையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது தனிமைக்கு வழி உண்டு. அந்த வழி அதே கைப்பேசியில்தான் இருக்கிறது.

143க்கும் 11க்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த 143 பேரில் பலர் உங்களுக்கும் உறவினர்கள், உங்களுக்கும் தெரிந்தவர்கள். ஆனால் ஜொகூரில் இருக்கும் சித்தியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டது உங்கள் மனைவி. தீபாவளிக்கு எந்தெந்த வீட்டுக்கு முறுக்கு டப்பா போக வேண்டும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வந்தது, நாம் திருப்பி எவ்வளவு வைக்க வேண்டும், பழைய புளோக்கில் இருந்தவர்கள் வீடு மாறி எங்கே போனார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு போனீர்கள். நம் தலைமுறை ஆண்களில் பெரும்பாலோருக்கு நட்பு இரண்டு வாசல்கள் வழியாகத்தான் வந்தது: ஒன்று வேலையிடம், மற்றொன்று மனைவி. இரண்டையும் நாம் தேடிப் போகவில்லை. வேலைக்குப் போனால் தோழர்கள் இருந்தார்கள், வீட்டுக்கு வந்தால் விருந்தினர் இருந்தார்கள். 67 வயதில் முதல் வாசலும் 69 வயதில் இரண்டாம் வாசலும் உங்களுக்கு அடைபட்டுவிட்டன. உறவைப் பேணுவது ஒரு வேலை என்பதும், அந்த வேலையை நாற்பது ஆண்டுகளாக உங்களுக்கும் சேர்த்து ஒருவர் செய்துகொண்டிருந்தார் என்பதும் அவர் போன பிறகுதான் தெரிகிறது. "நான் பழகத் தெரியாதவன், என்னை யாருக்கும் வேண்டாம்" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அது உண்மையன்று, ஐயா. நீங்கள் செய்து பழகாத ஒரு வேலை இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பாரந்தூக்கியையும் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்துத்தானே கற்றுக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே, வாரத்துக்கு இரண்டு பேரை அழையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பேச என்ன இருக்கிறது என்று தயங்குவீர்கள்; அவர்களால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். "எப்படி இருக்கிறீர்கள்" என்றால் "நல்லா இருக்கோம்" என்று முடிந்துவிடும். "தெம்பனிஸ் வீட்டுக்குக் குடிபோன அன்று நீங்கள் கொண்டுவந்த மீன் குழம்பை அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள், அது என்ன மீன் அக்கா?" என்று கேட்டால் அரை மணி நேரம் போகும். மனைவியின் தோழியரை நான் எப்படி அழைப்பது என்ற கூச்சம் இயல்பானதே. அக்காவிடம் நலம் கேட்டுவிட்டு, "அண்ணன் பக்கத்தில் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். அந்த 143 எண்களில் பலவற்றின் பின்னால் உங்கள் வயதில் ஓர் ஆண், தொலைக்காட்சிக்கு முன்னால், தனக்கு அழைப்பு வராது என்ற முடிவோடு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கைப்பேசியிலும் பத்துப் பதினைந்து எண்கள்தான் இருக்கும்.

அழைப்பதற்கு முன் மனம் தடுக்கும். "இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் அழைக்கிறார் என்று நினைப்பார்கள்", "பணம் கேட்கப்போகிறார் என்று நினைப்பார்கள்" என்று அது சொல்லும். தனிமையில் நெடுநாள் இருக்கும் மனம், பிறர் முகத்தில் மறுப்பைத் தேடத் தொடங்குகிறது என்பது கசியோப்போவின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்த ஒன்று. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தால்கூட நம்மைவிட்டுப் போகத் துடிக்கிறார் என்று தோன்றும். 2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, தனிமைக்கான பல வகை உதவிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுப்பதைவிட, இந்த எண்ணங்களை அடையாளம் கண்டு திருத்த உதவுவதே கூடுதல் பலன் தந்ததாகக் கண்டது. அப்படி ஓர் எண்ணம் வரும்போது ஒரு கேள்வியை உங்களிடமே கேளுங்கள்: இதே நபர் இன்று மாலை என்னை அழைத்தால் நான் எரிச்சல் அடைவேனா, மகிழ்ச்சி அடைவேனா? பதிலை வைத்து அழைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து, மூத்தோர் நிலையம். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. துடிப்பாக மூப்படையும் நிலையங்களுக்குப் பெண்களே அதிகமாக வருகிறார்கள், நடவடிக்கைகளும் வருபவர்களைப் பார்த்தே அமைந்துவிடுகின்றன. மொழியும் ஒரு தடை. நானும் அத்தகைய நிலையங்களின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிச் செல்லும் நம் ஆண்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு சரிவரவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஆண்களில் பலர் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிப் பழகுவதில்லை. பக்கத்தில் நின்று ஒரு வேலையைச் செய்துகொண்டே பழகுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1990களில் இதைப் புரிந்துகொண்டு, ஓய்வு பெற்ற ஆண்கள் கூடி மரவேலையும் பழுதுபார்ப்பும் செய்யும் மென்ஸ் ஷெட் என்ற பட்டறைகளைத் தொடங்கினார்கள். இன்று அங்கே அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மேலே கூண்டில் நீங்கள், கீழே தளத்தில் சைகை காட்டும் சிக்னல்மேன். வெயிலிலும் மழையிலும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே எத்தனையோ டன் இரும்பை இறக்கியிருப்பீர்கள். ஒரு நாளில் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஆனால் அவர் மேல் வைத்த நம்பிக்கைக்கு நிகரான நட்பு வேறு எத்தனை பேரிடம் உங்களுக்கு இருந்தது? அந்த மனிதர் இன்று எங்கே இருக்கிறார் என்று தெரியுமா? உங்கள் 11 எண்களில் அவருடையது இல்லையென்றால், தேடிப் பிடிக்க வேண்டிய முதல் எண் அதுவே.

எனவே நிலையத்துக்கு மீண்டும் போங்கள், ஆனால் பங்கேற்பாளராகப் போக வேண்டாம். அங்கே பொறுப்பில் இருப்பவரிடம், "எனக்குத் தமிழும் மலாயும் வரும், வாரத்தில் ஒருநாள் காலை எனக்கு வேலை கொடுங்கள்" என்று கேளுங்கள். (கப்பல் பட்டறையில் 34 ஆண்டுகள் இருந்தவருக்கு மலாய் வராமல் இருக்காது என்ற துணிவில் எழுதுகிறேன்.) வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியோரைச் சென்று கண்டு பேசும் தொண்டூழியர்கள் இந்த நிலையங்களுக்குத் தேவைப்படுகிறார்கள், தமிழ் பேசும் ஆண் தொண்டூழியர் கிடைப்பது அரிது. காரம் பலகை ஒன்றை வாங்கி வைக்கச் சொல்லியும் கேட்கலாம்; ஆட்டம் தொடங்கினால் ஆட்கள் தானாக வருவார்கள். உங்கள் வட்டாரத்தில் வேறு எந்த நிலையத்துக்கு நம்மவர்கள் கூடுதலாக வருகிறார்கள் என்பதை ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800 650 6060 என்ற எண்ணில் கேட்டறியலாம். கோயில் பழக்கம் உள்ளவராக இருந்தால், அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கும் மேசையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஈசூனிலேயே புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. பங்குனி உத்திரத்தின்போது மட்டும் போய்வராமல், வாரத்தில் ஒருநாள் கத்தியும் பலகையுமாக உட்கார்ந்து பாருங்கள். கருவிகளைக் கழற்றி மாட்டும் கை என்றால், பழுதான மின்விசிறியையும் சோற்றுப் பானையையும் மக்களோடு சேர்ந்து சரிசெய்யும் ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற தொண்டூழிய முயற்சி 2014இல் இங்கே தொடங்கப்பட்டது; அதுவும் உங்களுக்குப் பொருந்தும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்று போதும். ஆனால் ஒரே கிழமை, ஒரே நேரம், அதே முகங்கள் என்று இருக்கட்டும். ஒருமுறை போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்றும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் வேண்டும் என்றும் கணக்கிட்டார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் முதல் 50 மணி நேரத்துக்கே ஆறு மாதம் ஆகும். நீங்கள் கொடுத்தது கால் மணி நேரம்.

வீட்டைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் வந்த பிறகும் பேச ஆள் இல்லை என்கிறீர்கள். அவர்கள் வேலை முடிந்து களைத்து வருகிறார்கள், தொந்தரவு செய்யக் கூடாது என்று நீங்கள் அறைக்குள் போய்விடுகிறீர்களோ என்று எண்ணுகிறேன். இத்தகைய வீடுகளில் மருமகளைத் தனியாகக் கேட்டால், "மாமா தனியாக இருக்கத்தான் விரும்புகிறார், நாங்கள் தொந்தரவு செய்வதில்லை" என்று சொல்வார். இரு தரப்பும் மரியாதையாக ஒதுங்கி, நடுவில் ஒரு மூடிய கதவு நின்றுவிடுகிறது. மகனிடம் நீண்ட விளக்கம் தேவையில்லை. "அம்மா போனதிலிருந்து பகல் முழுக்கப் பேச ஆள் இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வது முக்கியம். இல்லையென்றால் அவர் பதறி, உங்களை எங்காவது வகுப்பில் சேர்த்துவிடுவார்.

பேத்தி தொடக்கநிலை ஐந்து என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அடுத்த ஆண்டு அவளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அதில் தமிழுக்கு வாய்மொழித் தேர்வு உண்டு, பத்தியை உரக்க வாசிக்க வேண்டும், காணொளியைப் பார்த்து உரையாட வேண்டும். துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், வீட்டிலேயே தமிழ் பேசும் ஒருவர் நாள் முழுக்கச் சும்மா இருக்கிறார் என்பது அவள் பெற்றோருக்குத் தோன்றியிருக்காது. இரவு உணவுக்குப் பிறகு பதினைந்து நிமிடம், தமிழ் முரசில் ஒரு சிறு செய்தியை அவள் வாசிக்கட்டும், நீங்கள் கேள்வி கேளுங்கள். திருத்துவதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு வரி உச்சரிப்பைத் திருத்தினால் மூன்றாம் நாள் அவள் வர மாட்டாள். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள், காது பழகும்.

காது என்றதும் உங்கள் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தமான இடத்தில் பேச்சுப் பிடிபடாமல் தலையை மட்டும் ஆட்டுவது, கேட்கும் திறன் குறைந்து வருவதற்கான வழக்கமான அறிகுறி. கப்பல் பட்டறை இரைச்சலில் இத்தனை ஆண்டுகள் இருந்தவருக்கு அது வியப்பும் அன்று. பலதுறை மருந்தகத்தில் சொல்லிச் செவித்திறன் சோதனைக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தகுதி பெறும் மூத்தோருக்குச் செவிப்புலன் கருவி வாங்க அரசாங்க மானியம் உண்டு. காது கேளாமையும் தனித்திருத்தலும் முதுமை மறதிநோய்க்கான ஆபத்தைக் கூட்டுபவை என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் வரிசைப்படுத்தியிருக்கிறது. உங்களிடம் ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறது.

பீரைப் பற்றி உங்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு அளவைக்கு (ஓர் அளவை என்பது 10 கிராம் மதுசாரம்) மேல் கூடாது என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் வரையறை. 633 மில்லிலிட்டர் பெரிய போத்தல் ஒன்றே அதைத் தாண்டிவிடும். இரவில் தூக்கத்தை அது இடையில் கலைக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டால் அந்த நேரத்துத் தனிமை பகலைவிடக் கொடியது. மாத்திரைகள் ஏதும் சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரிடம் இதை மறைக்காதீர்கள்.

இன்னொன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பசியில்லை, தூக்கமில்லை, முன்பு பிடித்த எதிலும் விருப்பமில்லை என்று இருந்தால் அது தனிமை மட்டுமன்று, மனச்சோர்வாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை இருக்கிறது, உங்கள் வயதிலும் அது பலன் தருகிறது. "அவள் போன இடத்துக்கே நானும் போய்விட்டால் என்ன" என்று ஒருநாள் தோன்றினாலும், அன்றே மகனிடம் சொல்லுங்கள், அல்லது சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற எண்ணையோ, தேசிய மனநல உதவி எண்ணான 1771ஐயோ அழையுங்கள். இரண்டும் 24 மணி நேரமும் இயங்குபவை. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. இருந்தாலும் கேட்காமல் விடுவது என் பணிக்கு அழகன்று.

இனி அந்தக் கைப்பேசி. இந்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அந்த எண்களை அதில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசிகள் பழுதாகும், எண்கள் போய்விடும். பேத்தி பெயரை வாசிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள், அவர் யார் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். அவளுடைய பாட்டியை அவள் அப்படித்தான் தெரிந்துகொள்வாள். ஆனால் அழைப்பது மட்டும் உங்கள் கைப்பேசியிலிருந்தே இருக்கட்டும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் மனைவியின் பெயர் திடீரென்று திரையில் தெரிந்தால் எடுப்பவர் நிலைகுலைந்து போவார். உங்கள் எண் அவர்களிடம் இருக்காது. மோசடி அழைப்புகளுக்கு அஞ்சித் தெரியாத எண்ணை இப்போது பலரும் எடுப்பதில்லை. அதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், இன்னாருடைய கணவர் பேசுகிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டு, மறுநாள் மாலை மீண்டும் அழையுங்கள்.